மேயர் இல்லாத ஊர்: லெவிட்டவுன்

அமெரிக்கப் புறநகர் வாழ்க்கையைப் பற்றி எழுத உட்காரும் யாரும் லெவிட்டவுனைத் தொடாமல் போவதில்லை. நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே, லாங் ஐலண்டின் நடுப்பகுதியில், இரண்டாம் உலகப் போர் முடிந்த சூட்டோடு எழுந்த குடியிருப்பு அது. லெவிட் அண்ட் சன்ஸ் என்ற ஒரே நிறுவனம் 1947இல் தொடங்கி 1951க்குள் அங்கே 17,447 வீடுகளைக் கட்டி முடித்தது. அச்சில் வார்த்த வீடுகள், அச்சில் வார்த்த மனிதர்கள் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. சாமானியனுக்கும் சொந்த வீடு கிடைத்த இடம் என்று கொண்டாடியவர்களும் உண்டு. இரு தரப்பாரும் வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதைவிட விசித்திரமாகப் படுவது வேறொன்று. இன்று 51,000 பேருக்கு மேல் வாழும் அந்த ஊருக்கு மேயர் கிடையாது, மன்றம் கிடையாது, சொந்தக் கஜானா கிடையாது. ஊர் எங்கே முடிகிறது என்பதற்கே சட்டத்தில் வரையறை கிடையாது. லெவிட்டவுனின் குணத்தைப் புரிந்துகொள்ள வீடுகளின் வடிவத்தைவிட இந்த இல்லாமைதான் நல்ல வழிகாட்டி என்று நினைக்கிறேன்.

நம்மூரில் ஒரு குடியிருப்பு என்றால் ஊராட்சியோ பேரூராட்சியோ நகராட்சியோ ஏதோ ஒன்றில் அடங்கியே தீரும். நியூயார்க் மாநில ஏற்பாடு வேறு மாதிரியானது. மாநிலம் கவுண்டிகளாகப் பிரிகிறது. கவுண்டிக்குள் டவுன்களும் ஒன்றிரண்டு நகரங்களும் இருக்கின்றன. டவுனுக்குள் ஒரு பகுதி மக்கள் விரும்பினால் மாநிலச் சட்டப்படி ‘வில்லேஜ்’ என்ற தனி உள்ளாட்சியை அமைத்துக்கொள்ளலாம். அமைத்துக்கொள்ளாதவர்கள் டவுனின் நேரடி ஆட்சியில் இருப்பார்கள். லெவிட்டவுன் இந்தக் கடைசி ரகம். அது நாசாவ் கவுண்டியில், ஹெம்ப்ஸ்டெட் டவுனுக்குள் இருக்கிறது. டவுன் என்றதும் சின்ன ஊரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 2020 கணக்கெடுப்பில் ஹெம்ப்ஸ்டெட் டவுனின் மக்கள்தொகை சுமார் 7,93,000. வடக்கு டகோட்டா, அலாஸ்கா, வெர்மாண்ட், வயோமிங் ஆகிய நான்கு மாநிலங்களில் எதை எடுத்துக்கொண்டாலும் அதைவிட அதிகம். லெவிட்டவுன்வாசிக்கு மிக அருகிலுள்ள பொது ஆட்சி, ஒரு மாநிலத்தின் பருமன் கொண்டது. கணக்கெடுப்புத் துறை தன் வசதிக்காக வரைபடத்தில் ஒரு கோடு போட்டு அதற்குள் லெவிட்டவுன் என்று எழுதிவைத்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குப் புள்ளிவிவரம் சேர்க்கும் வேலை உண்டு, ஆளும் அதிகாரம் இல்லை.

இது ஏன் இப்படி ஆனது என்பதற்கு லெவிட் குடும்பத்தார் வருவதற்கு முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது.

லாங் ஐலண்டின் நடுவில் ஹெம்ப்ஸ்டெட் பிளெய்ன்ஸ் என்ற பரந்த புல்வெளி இருந்தது. நெடுங்காலம் அது டவுனின் பொது மேய்ச்சல் நிலம். 1869இல் நியூயார்க்கின் பெரும் ஜவுளி வணிகர் ஏ.டி. ஸ்டூவர்ட் அதில் 7,000 ஏக்கருக்கு மேல், ஏக்கர் 55 டாலர் விலையில், டவுனிடமிருந்து வாங்கி கார்டன் சிட்டி என்ற திட்டமிட்ட குடியிருப்பைத் தொடங்கினார். செல்வந்தர்களின் இடமாக வளர்ந்த கார்டன் சிட்டி 1919இல் வில்லேஜ் ஆட்சி பெற்றது. 1899இல் குயின்ஸிலிருந்து பிரிந்து நாசாவ் தனிக் கவுண்டியான பிறகு இந்த வழியைப் பலரும் பிடித்துக்கொண்டார்கள். வடகரை மாளிகைவாசிகள் தங்கள் தோட்டங்களைச் சுற்றி வேலி போடுவதுபோல வில்லேஜ்களை அமைத்தார்கள். சிலவற்றில் மக்களைவிட மரங்கள் அதிகம். காரணம் எளிது. வில்லேஜ் ஆட்சி இருந்தால் நிலப் பயன்பாட்டை நிர்ணயிக்கும் அதிகாரம் கைக்கு வரும். மனையின் குறைந்தபட்ச அளவை இரண்டு ஏக்கர் என்று வைத்துவிட்டால் யார் குடிவர முடியும், யார் முடியாது என்பது தானாகவே தீர்ந்துவிடும்.

1936இல் நாசாவ் மக்கள் ஒரு புதிய கவுண்டி சாசனத்தை ஏற்றார்கள். 1938 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இனிமேல் உருவாகும் வில்லேஜ்களுக்கு நிலப் பயன்பாட்டு அதிகாரம் கிடையாது, அது டவுனிடமே இருக்கும் என்று அதில் ஒரு விதி. அந்த ஒரு வரி கவுண்டியின் வரைபடத்தை உறையவைத்துவிட்டது. கதவு மூடுவதற்குள் முந்திக்கொண்டவர்கள் முந்திக்கொண்டார்கள். பிறகு தனி ஆட்சி கேட்பதில் பொருளே இல்லாமல் போயிற்று. அந்தச் சாசனத்துக்குப் பின் நாசாவில் உருவான வில்லேஜ் 1962இல் வந்த அட்லான்டிக் பீச் ஒன்றுதான். இன்றைக்கும் அங்கே வில்லேஜ்கள் 64. சாசனம் வந்து சுமார் பத்து வருடம் கழித்து லெவிட்டின் லாரிகள் வந்து இறங்கியபோது, புதிதாக எழப்போகும் ஊருக்குத் தனி ஆட்சி அமைக்கச் சட்டப்படி தடை ஏதும் இல்லை. அமைத்தால் கிடைக்கக்கூடிய முக்கியமான பலன்தான் ஏற்கெனவே பறிபோயிருந்தது.

அப்போது அந்த இடத்தின் பெயர் ஐலண்ட் ட்ரீஸ். வெட்டவெளியில் தீவுபோலத் தெரிந்த மரக்கூட்டத்தால் வந்த பெயர். உருளைக்கிழங்கு வயல்கள். தங்க நூற்புழு என்ற கிழங்குப் பூச்சி லாங் ஐலண்ட் வயல்களைத் தாக்கியிருந்ததால் விவசாயிகள் நிலத்தை விற்கத் தயாராக இருந்தார்கள். வாங்க ஆளும் இருந்தது. போரிலிருந்து திரும்பியவர்கள் மனைவி குழந்தைகளுடன் மாமனார் வீட்டிலும், ராணுவம் விட்டுச்சென்ற தகரக் கொட்டகைகளிலும் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். 1944இல் வந்த, ஜி.ஐ. பில் என்று மக்கள் அழைத்த படைவீரர் நலச் சட்டம் அவர்களின் வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தந்தது. கடனுக்கு உத்தரவாதம் இருந்தது, வாங்கத்தான் வீடு இல்லை.

தந்தை ஆப்ரகாம் லெவிட், மகன்கள் வில்லியம், ஆல்ஃபிரெட். ஆப்ரகாம் வழக்கறிஞர், தோட்டக்கலையில் பித்து உள்ளவர். ஆல்ஃபிரெட் வீடுகளை வடிவமைத்தார். வில்லியம் விற்றார். கடற்படையின் கட்டுமானப் பிரிவில் பணியாற்றியவர் வில்லியம். போர்க்காலத்தில் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் கடற்படைத் தொழிலாளர்களுக்கு வீடுகள் கட்டியபோது அவசரத்தில் மலிவாகக் கட்டும் வித்தையை நிறுவனம் கற்றிருந்தது. 1947 மே மாதம் 2,000 வாடகை வீடுகள் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. உடனே ஒரு முட்டுக்கட்டை. ஹெம்ப்ஸ்டெட் டவுன் கட்டட விதிப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறை வேண்டும். லெவிட்டின் கணக்கோ நிலவறையைத் தவிர்த்து நேராகக் கான்கிரீட் தளத்தின் மேல் வீட்டை நிறுத்துவதில்தான் இருந்தது. நியூஸ்டே பத்திரிகை லெவிட்டின் பக்கம் நின்றது. டவுன் மன்றம் கூடிய அன்று முன்னாள் படைவீரர்கள் குடும்பத்தோடு நூற்றுக்கணக்கில் திரண்டு வந்து நின்றார்கள். மன்றம் விதியைத் திருத்தியது. ஊர் பிறப்பதற்கு முன்பே ஊர்க்காரர்கள் நடத்திய முதல் அரசியல் கூட்டம் அது. அதில் அவர்கள் பெற்ற வெற்றி, உள்ளாட்சி விதி ஒன்றைத் தளர்த்தியது.

கட்டிய விதம் பலமுறை எழுதப்பட்ட கதை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கார் ஆலையில் வண்டி நகரும், தொழிலாளி நிற்பார். இங்கே வீடு நின்றது, தொழிலாளர் குழுக்கள் வீட்டுக்கு வீடு நகர்ந்தன. வேலை முழுவதும் சுமார் 27 படிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தளம் போட ஒரு குழு, சட்டம் நிறுத்த ஒரு குழு, வெள்ளை வண்ணம் அடிக்க ஒரு குழு, சிவப்பு அடிக்க வேறு குழு. கலிபோர்னியாவில் சொந்த மர அறுவை ஆலை. ஆணியைக்கூட நிறுவனமே செய்துகொண்டது. தொழிற்சங்கத்துக்கு இடமில்லை. வேகம் உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளைக்கு முப்பதுக்கு மேற்பட்ட வீடுகள் முடிந்தன. 60 அடிக்கு 100 அடி மனையில் 750 சதுர அடி வீடு. இரண்டு படுக்கையறை, தளத்துக்குள் பதித்த செம்புக் குழாய்களில் வெந்நீர் ஓட்டி வெப்பமூட்டும் ஏற்பாடு, மேலே முடிக்கப்படாத பரண். அந்தப் பரணைப் பிறகு பார்ப்போம்.

1947 அக்டோபர் 1இல் முதல் குடும்பங்கள் குடியேறின. மாத வாடகை 60 டாலர். சில மாதங்களில் ஐலண்ட் ட்ரீஸ் என்ற பெயர் மாறி லெவிட்டவுன் ஆனது. ஊரின் பெயரே ஒரு நிறுவனத்தின் பெயர். 1949இல் ‘ராஞ்ச்’ மாதிரி வீடுகள் 7,990 டாலருக்கு விற்பனைக்கு வந்தபோது மார்ச் மாதத்தில் ஒரே நாளில் 1,400 ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. 1950 மாதிரியில் சுவரிலேயே பதித்த தொலைக்காட்சிப் பெட்டியும் சேர்ந்தது. அந்த ஜூலையில் வில்லியம் லெவிட்டின் படம் டைம் இதழின் அட்டையில் வந்தது.

முதல் சில ஆண்டுகளில் லெவிட்டவுனை ஆண்டது யார் என்று கேட்டால், டவுன் அல்ல, கவுண்டியும் அல்ல, லெவிட்டின் குத்தகைப் பத்திரம் என்பதே நேர்மையான பதில்.

வேலி கூடாது. கோடையில் வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும். வெட்டத் தவறினால் நிறுவனம் ஆள் அனுப்பி வெட்டிவிட்டுச் செலவைக் குடியிருப்பவர் கணக்கில் எழுதும். துணியை நீளக் கொடியில் உலர்த்தக் கூடாது, சுழலும் உலர்த்திதான் வேண்டும். அதுவும் வார இறுதியில் வெளியே தெரியக் கூடாது. ஆப்ரகாம் லெவிட் தோட்டப் பராமரிப்பு பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் பத்தி எழுதினார். ஒவ்வொரு மனையிலும் பழ மரக்கன்றுகள் நட்டுத் தந்தார். பொதுத் திடல்கள், கடை வரிசைகள், ஒன்பது நீச்சல் குளங்கள், ஒரு பொது மண்டபம் என்று சமூக வசதிகளையும் நிறுவனமே கட்டிக் கொடுத்தது. இவற்றைக் கருணை என்றோ கெடுபிடி என்றோ ஒற்றைச் சொல்லில் தள்ளிவிட முடியாது. நகராட்சி செய்ய வேண்டிய வேலைகளை வீட்டு உரிமையாளர் செய்தார் என்பதே விஷயம். நகராட்சியின் விதியை எதிர்த்து அடுத்த தேர்தலில் வாக்களிக்கலாம். குத்தகையின் விதியை எதிர்த்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அந்தப் பத்திரத்தின் 25ஆம் பிரிவு பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தது. வெள்ளையினத்தவர் அல்லாத எவரும் இந்த வீட்டைப் பயன்படுத்தவோ அதில் குடியிருக்கவோ குத்தகைதாரர் அனுமதிக்கக் கூடாது என்றது அது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. இது லெவிட்டின் தனிப்பட்ட கண்டுபிடிப்பு அல்ல. வீட்டுக் கடன்களுக்குக் காப்பு வழங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் தன் கையேட்டிலேயே இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை ஊக்குவித்துவந்தது. கலப்புக் குடியிருப்பில் சொத்து மதிப்பு சரியும் என்பது அதன் கட்டளைக் கோட்பாடு. 1948 மே மாதம் ‘ஷெல்லி எதிர் கிரேமர்’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு பிரிவு பத்திரத்திலிருந்து நீங்கியது, நடைமுறையிலிருந்து நீங்கவில்லை. போரில் வெள்ளையரோடு அதே சீருடையில் இருந்த கறுப்பின வீரர்கள் விற்பனை அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். தங்கள் பிள்ளைகளோடு விளையாடக் கறுப்பினக் குழந்தைகளை வீட்டுக்கு அழைத்த இரு வெள்ளைக் குடும்பங்களின் குத்தகையைப் புதுப்பிக்க நிறுவனம் மறுத்தது. லெவிட்டவுனிலேயே பாகுபாட்டை எதிர்த்து ஒரு குழு இயங்கியதையும் சொல்ல வேண்டும். ஊரே ஒருமனதாக இருந்தது என்று எண்ணுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

வில்லியம் லெவிட்டின் வாதம் பிரபலமானது. தான் யூதன், தனக்கு இன வெறுப்பு கிடையாது, ஆனால் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு விற்றால் வெள்ளை வாடிக்கையாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வரமாட்டார்கள் என்பார். வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கலாம், இனப் பிரச்சினையைத் தீர்க்கலாம், இரண்டையும் ஒன்றாகத் தீர்க்க முடியாது என்பார். இதில் கவனிக்க வேண்டியது, அவர் தன்னை வியாபாரியாக மட்டுமே முன்வைத்ததுதான். ஊரின் நடத்தைக்குப் பொறுப்பேற்கும் பதவி என்று எதுவும் அங்கே இல்லை. கேள்வி கேட்கப் போனால் நிறுவனம் சந்தையைக் காட்டும், டவுன் அது தனியார் ஒப்பந்தம் என்று சொல்லும், கூட்டாட்சி அரசு தான் கடனுக்குக் காப்பு மட்டுமே தருவதாகச் சொல்லும்.

லெவிட் இதே பெயரில் பின்னர் கட்டிய இரண்டு குடியிருப்புகள் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக அமைந்திருக்கின்றன. பென்சில்வேனியாவின் லெவிட்டவுனும் தனி ஆட்சி இல்லாதது. 1952இல் தொடங்கிய அந்த 17,311 வீடுகள் நான்கு வெவ்வேறு உள்ளாட்சிகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன. 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி அங்கே ஒரு வீட்டை வாங்கிக் குடியேறியபோது நாள்கணக்கில் கும்பல் கூடிக் கல்லெறிந்தது. உள்ளூர்க் காவலர்களால் அடக்க முடியாமல் மாநிலக் காவல்துறை வந்தது. கடைசியில் மாநில அரசே நீதிமன்றம் போய்த் தடையாணை வாங்கியது.

மூன்றாவது, நியூ ஜெர்சியில். நான்கு உள்ளாட்சிகளோடு மல்லுக்கட்டிய அனுபவத்தால் லெவிட் அங்கே வில்லிங்பரோ என்ற டவுன்ஷிப்பையே ஏறத்தாழ முழுதாக வாங்கிவிட்டார். ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியலாளர் அங்கே வீடு வாங்கிக் குடியிருந்தபடியே ஆய்வு செய்து 1967இல் எழுதிய ‘தி லெவிட்டவுனர்ஸ்’ இன்றும் படிக்கத் தகுந்த நூல். புறநகர்வாசிகள் அச்சு வார்ப்புகள் என்ற நகரத்து அறிவாளிகளின் முடிவை அது மறுத்தது. நியூ ஜெர்சியில் பாகுபாட்டுக்கு எதிரான மாநிலச் சட்டம் இருந்தது. 1960இல் மாநில உச்ச நீதிமன்றம் வரை போராடித் தோற்ற லெவிட் கறுப்பினத்தவருக்கும் வீடு விற்கச் சம்மதித்தார். 1963இல் அந்த ஊர் மக்கள் வாக்களித்து லெவிட்டவுன் என்ற பெயரையே கழற்றிவிட்டு வில்லிங்பரோ ஆனார்கள். எழுபதுகளில் வெள்ளையர்கள் பயந்து விற்றுவிட்டு ஓடுவதைத் தடுக்க, வீட்டு முன் ‘விற்பனைக்கு’ என்று பலகை வைக்கக் கூடாது என்று அவர்களின் மன்றம் தடை போட்டது. 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது பேச்சுரிமைக்கு விரோதம் என்று அந்தத் தடையை ரத்து செய்தது. இன்று வில்லிங்பரோவில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை. தடை சரியா தவறா என்பது இருக்கட்டும். ஓர் ஊர் தன் பிரச்சினையைத் தானே மேசையில் வைத்து விவாதித்து ஒரு முடிவெடுத்தது. பெயரை மாற்றக்கூட லாங் ஐலண்ட் லெவிட்டவுனுக்கு அப்படியொரு மேசை இல்லை.

தனி ஆட்சி இருந்திருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்துக் கார்டன் சிட்டியைப் பாருங்கள். சொந்த மன்றமும் நிலப் பயன்பாட்டு அதிகாரமும் உள்ள வில்லேஜ் அது. 2004இல் கவுண்டி நிலம் ஒன்றில் அடுக்குமாடி வீடுகள் வர வாய்ப்பு எழுந்தபோது, அதைத் தடுக்கும்படி விதிகளை மாற்றியது. அந்த முடிவில் இனப் பாகுபாட்டு நோக்கம் இருந்தது என்று கூட்டாட்சி நீதிமன்றம் கண்டது, 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆட்சி உள்ள ஊர் சட்டம் போட்டு மூடிக்கொண்டது. ஆட்சி இல்லாத ஊருக்குச் சட்டமே தேவைப்படவில்லை, சந்தையும் பழக்கமும் போதுமானதாக இருந்தன. வேறுபாடு ஒன்று உண்டு. கார்டன் சிட்டியின் மேல் வழக்குப் போட முடிந்தது.

மன்றம் இல்லை என்றால் ஆட்சியே இல்லை என்று பொருளல்ல. ஆட்சி சில்லறைகளாகச் சிதறிக் கிடக்கிறது. காவல் கவுண்டியிடம். சாலையும் கட்டட அனுமதியும் டவுனிடம். தீயணைப்புக்கு ஒரு தனி மாவட்டம், பள்ளிக்கு ஒன்று, நூலகத்துக்குத் தனி வாக்கெடுப்பு, நீச்சல் குளங்களுக்கு டவுன் நிர்வகிக்கும் தனிப் பூங்கா மாவட்டம். நாசாவ் கவுண்டி முழுவதும் இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட சிறப்பு மாவட்டங்கள், தத்தம் வரியோடு. பள்ளி வரவுசெலவுக்கு மே மாதம் மூன்றாம் செவ்வாய் வாக்கெடுப்பு, தீயணைப்பு மாவட்டத்துக்கு டிசம்பர் இரண்டாம் செவ்வாய். பொதுத் தேர்தல் நவம்பரில். இத்தனை முறை வாக்குச்சாவடிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? சிறு கூட்டம் ஒன்று ஒழுங்காக வந்தால் ஒரு மாவட்டத்தையே கையில் வைத்துக்கொள்ளலாம். இந்த மாவட்டங்களை இணைக்கவும் கலைக்கவும் மக்களே மனுச் செய்ய வழிசெய்து 2009இல் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. வரி குறைய வேண்டும் என்று எல்லோரும் விரும்புகிறார்கள். தங்கள் தெருத் தீயணைப்பு நிலையம் போக வேண்டும் என்று யாரும் விரும்புவதில்லை.

இந்தச் சில்லறை ஆட்சிகளில் லெவிட்டவுனுக்கு ஊர் என்ற உணர்வைக் கொடுத்தது பள்ளி மாவட்டம்தான். அங்கேயும் ஒரு பிளவு. ஊர் ஒன்று, முக்கியப் பள்ளி மாவட்டங்கள் இரண்டு: லெவிட்டவுன், ஐலண்ட் ட்ரீஸ். ஊரின் பெயரிலிருந்து அழிந்துபோன பழைய பெயர் பள்ளி மாவட்டத்தில் தங்கிவிட்டது. இரண்டிலிருந்தும் புறப்பட்ட இரு வழக்குகள் ஒரே 1982இல் தீர்ப்பைக் கண்டன என்பது, சட்ட மாணவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு ஊர்க்காரர்களுக்குத் தெரியாத சங்கதி.

முதல் வழக்கு காசு பற்றியது. அமெரிக்காவில் பள்ளிச் செலவின் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. லெவிட் கட்டியது வீடுகள், கொஞ்சம் கடைகள், ஆலைகள் இல்லை. லெவிட்டவுன்காரர்கள் பலர் வேலைக்குப் போன கிரம்மன் விமான ஆலை, பின்னாளில் நிலவில் இறங்கிய கலம் உருவான அதே ஆலை, பக்கத்து பெத்பேஜில் இருந்தது. தொழிலாளியின் பிள்ளைகள் லெவிட்டவுன் பள்ளியில், ஆலையின் சொத்துவரி வேறு மாவட்டத்தில். பிள்ளைகளோ ஏராளம். போருக்குப் பின் பிறந்த தலைமுறை முழுவதும் ஒரே சமயத்தில் பள்ளிக்கு வந்தது. சின்ன வீடுகளின் மேல் பெரிய வரி விழுந்தது, அப்போதும் செல்வ மாவட்டங்கள் செலவிடும் அளவுக்குப் பணம் சேரவில்லை. லெவிட்டவுன் பள்ளி மாவட்டம் வேறு மாவட்டங்களையும் சேர்த்துக்கொண்டு மாநிலத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. 1978இல் விசாரணை நீதிமன்றத்தில் வென்றது, 1982இல் மாநிலத்தின் உச்ச அமர்வான மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. மாவட்டங்களுக்கு இடையே ஏற்றத்தாழ்வு இருக்கலாம், அரசியல் சாசனம் உறுதியளிப்பது முறையான அடிப்படைக் கல்வியை மட்டுமே என்றது தீர்ப்பு. தோல்விக்குள் ஒளிந்திருந்த அந்தச் சொற்றொடரைப் பற்றிக்கொண்டுதான் தொண்ணூறுகளில் நியூயார்க் நகரத்துப் பெற்றோர்கள் புது வழக்கைக் கட்டினார்கள். வெள்ளையர் ஊர் ஒன்று தோற்ற வழக்கு, கறுப்பின, லத்தீன் இனக் குழந்தைகள் நிறைந்த நகரப் பள்ளிகளுக்குப் படிக்கல்லானது.

இரண்டாவது புத்தகம் பற்றியது. 1975இல் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளிக் குழு உறுப்பினர்கள் சிலர் ஒரு பழமைவாதப் பெற்றோர் அமைப்பின் மாநாட்டுக்குப் போய் ஆட்சேபகரமான நூல்களின் பட்டியல் ஒன்றோடு திரும்பினார்கள். ஓர் இரவு பள்ளி நூலகத்துக்குள் போய்த் தேடியபோது பட்டியலில் இருந்த பல நூல்கள் அங்கே கிடைத்தன. அவை அகற்றப்பட்டன. அமெரிக்காவுக்கு விரோதமானவை, ஆபாசமானவை என்று காரணம் சொன்னார்கள். கர்ட் வான்னகட்டின் ‘ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்’, ரிச்சர்ட் ரைட்டின் ‘பிளாக் பாய்’ இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஸ்டீவன் பீக்கோ என்ற மாணவர் தலைமையில் ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். 1982 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் சாய்ந்தது. கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நூலகத்திலிருந்து நூலை எடுக்க முடியாது என்றார் நீதிபதி பிரென்னன். ஐந்து பேரும் ஒரே காரணத்தை ஏற்காததால் அது முழுப் பெரும்பான்மைத் தீர்ப்பாகவில்லை, இன்றுவரை அதன் வலு விவாதத்தில் இருக்கிறது. நூல்கள் அலமாரிக்குத் திரும்பின. தேசத்தின் உச்ச நீதிமன்றம்வரை போன இந்தச் சண்டை, மிகச் சிலர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு குட்டி மாவட்டத்துக் குழுவில் தொடங்கியது என்பதை மறந்துவிட்டுப் படித்தால் பாதிதான் புரியும்.

எல்லை இல்லாத ஊரில் யார் ஊர்க்காரர் என்பதும் குழப்பமே. லெவிட் கட்டிய 17,447 வீடுகளில் கணிசமானவை இன்று வாண்டா, ஈஸ்ட் மெடோ, ஹிக்ஸ்வில், வெஸ்ட்பரி என்ற அஞ்சல் முகவரிகளில் இருக்கின்றன. பாடகர் பில்லி ஜோயல் வளர்ந்தது லெவிட் வீட்டில்தான், ஆனால் முகவரி ஹிக்ஸ்வில். 1960 கணக்கெடுப்பில் 65,000 பேர் இருந்த ஊர் இப்போது சுருங்கியதற்கும் வீடுகள் குறைந்தது காரணமல்ல, குழந்தைகள் குறைந்ததுதான் காரணம்.

முடிக்கப்படாத பரணுக்கு வருவோம். மேலே இன்னும் இரண்டு அறை கட்டிக்கொள்ளலாம் என்று ஆல்ஃபிரெட் விட்டுவைத்த அந்த இடத்தில்தான் லெவிட்டவுன் தன் சொந்த முகத்தைச் செய்துகொண்டது. குத்தகையாளர்கள் உரிமையாளர்களாக மாறியதும் சுத்தியலும் ரம்பமும் எடுத்தார்கள். கூரையை உயர்த்தினார்கள், பக்கவாட்டில் நீட்டினார்கள், கார் கொட்டகை கட்டினார்கள். வீட்டு மாற்றங்களுக்கு யோசனை சொல்ல ‘தௌசண்ட் லேன்ஸ்’ என்று ஐம்பதுகளில் ஒரு பத்திரிகையே அங்கே நடந்தது. தடைசெய்யப்பட்ட வேலிகளும் வந்துவிட்டன. பறவை, பூ, விண்மீன் பெயர்கள் சூட்டிய அந்த வளைந்த தெருக்களில் கட்டிய நாளில் இருந்தபடியே உள்ள வீட்டைக் கண்டுபிடிப்பது இன்று அரிது. வரலாற்றாசிரியர் பார்பரா கெல்லி 1993இல் வெளியிட்ட ஆய்வு இந்த மாற்றங்களையே மையமாக வைத்தது. ஒரே மாதிரி என்று கேலி செய்த விமர்சகர்கள் முதல் ஐந்து வருடப் புகைப்படங்களோடு நின்றுவிட்டார்கள். அடுத்த எழுபது வருடம் அவர்களைப் பொய்யாக்கியது. எந்த மன்றமும் அழகியல் விதி போடாததும் இதற்கு ஒரு காரணம். மன்றம் இல்லாததால் கிடைத்த நன்மை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

வீடுகள் மாறிய வேகத்தில் குடியிருப்போர் மாறவில்லை. ஹிஸ்பானியர்களும் ஆசியர்களும் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். வடக்கே ஹிக்ஸ்வில்லில் இந்திய மளிகைக் கடைகளும் உணவகங்களும் வரிசையாக வந்துவிட்டதன் தாக்கமும் அதில் உண்டு. கறுப்பினத்தவரின் பங்கு மட்டும் நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவிலேயே நிற்கிறது. குத்தகைப் பிரிவு நீங்கி எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது, வீட்டுவசதிப் பாகுபாட்டைத் தடைசெய்த 1968 சட்டம் வந்து ஐம்பது வருடத்துக்கு மேல். 2019 நவம்பரில் நியூஸ்டே மூன்றாண்டுப் புலனாய்வு ஒன்றை வெளியிட்டது. ஒரே வசதியுள்ளவர்களாக நடித்த வெள்ளை, வெள்ளையல்லாத சோதனையாளர்களை லாங் ஐலண்ட் முழுவதும் வீட்டுத் தரகர்களிடம் அனுப்பி, நடந்ததை மறைவாகப் படம்பிடித்தார்கள். கறுப்பினச் சோதனையாளர்கள் 49 விழுக்காடு முறையும், ஹிஸ்பானியர்கள் 39 விழுக்காடு முறையும், ஆசியர்கள் 19 விழுக்காடு முறையும் பாகுபாடாக நடத்தப்பட்டதற்கான சான்று கிடைத்தது. 1947இல் லெவிட்டுக்காகக் கட்டட விதியைத் தளர்த்தச் சொல்லி எழுதியதும் இதே பத்திரிகைதான்.

7,990 டாலர் வீடு இன்று ஆறு லட்சம் டாலரைத் தாண்டி விலைபோகிறது. அங்கே வளர்ந்த பிள்ளைகளால் அங்கே வீடு வாங்க முடிவதில்லை. தாய் தந்தையோடு ஒரே கூரையின் கீழ் இரண்டாவது சமையலறை வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஹெம்ப்ஸ்டெட் டவுனிடம் தாய்–மகள் அனுமதி என்ற தனி அனுமதி வாங்க வேண்டும். 2023இல் நியூயார்க் ஆளுநர் கேத்தி ஹோக்கல், பத்தாண்டுகளில் எட்டு லட்சம் வீடுகள் என்ற இலக்கோடு ஒரு திட்டம் கொண்டுவந்தார். நகரத்தைச் சுற்றியுள்ள புறநகர் உள்ளாட்சிகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை மூன்று விழுக்காடு வீடுகளைக் கூட்ட வேண்டும், தவறினால் உள்ளூர் நில விதிகளை மாநிலம் மீறலாம் என்பது அதன் சாரம். லாங் ஐலண்டில் எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்தன. ஹெம்ப்ஸ்டெட் டவுன் முன்வரிசையில் நின்றது. உள்ளாட்சியின் விதியில் வெளியார் கைவைக்கக் கூடாது என்பதே முழக்கம். அந்த வசந்தத்திலேயே திட்டம் சட்டமன்றத்தில் கைவிடப்பட்டது.